காக்கா படித்த ஸ்பானியம்

எனக்கு விளங்காத ஒரு மொழியை விளங்கியதாக நடித்து, அடைக்கலம் கேட்ட ஒரு மாலுமியை அவன் எதற்குப் பயந்தானோ அந்த இடத்துக்கே அனுப்பி வைத்தேன். அன்றிரவே உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் ரெயிலேற அதற்குப் பிறகும் ஒரு முழுப்பகல் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. முதலாவதை இளவயது மடமை என்று சொல்லலாம். இரண்டாவதற்கு நான் ஒரு பெயரும் தேடவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த மாலுமியைப் பற்றியோ என்னைப் பற்றியோ அல்ல. அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்த காத்தான்குடித் துணி வியாபாரியைப் பற்றி. பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், ஆதலால் பெயர் வேண்டாம். நான் அவரைக் காக்கா என்று அழைத்தேன். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை மாஸ்டர் என்பார். நான் அப்போது மட்டக்களப்பில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் உதவி ஆசிரியன். வயது இருபத்தாறு. மட்டக்களப்பையும் காத்தான்குடிப் பக்கத்தையும் சேர்க்கும் கல்லடிப் பாலம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

அருகில் இருக்கும் ஆளோடு அவனுடைய பேச்சில் இரண்டு சொல்லாவது பேசாமல் காக்காவால் இருக்க முடியாது. பதுளை வீதியால் வரும் சிங்கள வண்டிக்காரரோடு சிங்களம். பம்பாய் வியாபாரிகளோடு இந்துஸ்தானி. கதவு நிலை செய்ய வரும் பறங்கித் தச்சரோடு, பறங்கியர் வீட்டுக்குள் பேசும் போர்த்துக்கீசம். எல்லாம் பிழை பிழையாக, உரத்த குரலில். யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதே பிழையோடு மேலே போவார்.

அவரது கடையில் மூட்டை தூக்கும் ஒருவர் பிறவியிலேயே செவிடு, பேச்சும் இல்லை. மற்ற முதலாளிமார் அவரைக் கையால் தட்டி, மூட்டையைக் காட்டி வேலை வாங்குவார்கள். காக்கா அவரோடு கைகளாலேயே ஊர்வம்பு முழுதும் பேசுவார். துணி வாங்க வந்தவர் இடுப்பில் கட்டும் சாரத்தை வெளிச்சத்தில் பிடித்து நூல் எண்ணிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் இருவரும் விரல்களை ஆட்டி, தோள் குலுங்கச் சிரிப்பார்கள். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் அந்த மனிதர் தன் மூக்கின் மேல் இரண்டு வளையம் வரைந்து, தாடையை மேலே தூக்கிக் காட்டினார். நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

"என்ன சொல்றார் காக்கா?"

"உங்களத்தான். கண்ணாடிக்காரர் வாறார், வானத்தப் பாத்து நடக்கிறார், படியில தட்டப் போறார் எண்டு."

தட்டத்தான் செய்தேன்.

அந்த வருடம் கடற்கரைக்கு அப்பால் நின்ற ஒரு சரக்குக் கப்பலிலிருந்து, கால் முறிந்த ஒரு மாலுமியைத் தோணியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் காலைக் கட்டினார்கள். சில வாரங்களில் கட்டில் வேறு ஒருவருக்குத் தேவைப்பட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற அவனை, ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கப் போன காக்கா பார்த்தார். தன் மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் போய் இருப்பான். "இது எண்ட பொஞ்சாதிட வீடு. நானே இஞ்ச வந்தவன். இவர் வந்தவனுக்கு வந்தவர்" என்று அவனை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்.

அவன் பேசியது ஸ்பானியம். பறங்கித் தச்சரைக் கூட்டிவந்து பேசவிட்டார்கள். அவர் அரைமணி நேரம் தலையைச் சொறிந்தார். "எங்கட பாஷைக்கு இது சித்தப்பன்ட மகன் போல. முகம் தெரியுது, கதை வெளங்கல்ல" என்று சொல்லிவிட்டுக் கல்முனைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இங்கேதான் நான் வருகிறேன். ஊரைவிட்டுப் போன ஓர் ஆங்கிலேய எஞ்சினியரின் சாமான்கள் ஏலம் போனபோது, ஸ்பானியம் தானே கற்க உதவும் ஒரு புத்தகத்தை வாங்கியிருந்தேன். முதல் அதிகாரத்தைப் படித்திருந்தேன். அடுத்ததைப் புரட்டியிருந்தேன். வாசிகசாலையில் இரண்டு பேர் இருக்கும்போது ஸ்பானியத்தில் எனக்குப் பரிச்சயம் உண்டு என்று சொல்லியுமிருந்தேன். அந்தப் பேச்சு பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. காக்கா வந்து நின்றார்.

"மாஸ்டர், நீங்க ஸ்பானியம் கதைப்பீங்களாம்?"

"கொஞ்சம்" என்றேன். அது உண்மை. ஆனால் நிறையத் தெரிந்தவன் அடக்கமாகச் சொல்லும் குரலில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு பாடம். அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்காருவோம். மாலுமி காலை நீட்டி, சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்திருப்பான். நான் தவறாக உச்சரித்தால் அவன் மெல்லத் திருத்துவான். நான் அதைக் கேளாதவன் போல் இருப்பேன். காக்கா உடனே திரும்பிச் சொல்லிப் பார்ப்பார்.

"முதல்ல ‘நீங்க’வச் சொல்லித் தாங்க. அது தெரியாம மத்ததெல்லாம் படிச்சு என்ன செய்யிற? வாயத் திறந்த உடனே வம்பாப் போகும்."

நெருங்கியவருக்குத் ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’ என்றேன். உஸ்தெத் என்று ஒருவரிடம் பேசும்போது வினையை, எங்கோ இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் முடிக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் அதை விளங்கிக்கொள்ள இரண்டு நாள் பட்டிருந்தேன். அவர் தொடையில் தட்டினார்.

"இது எங்கட பழக்கம்தானே. கடைக்கு வாறவங்க எண்ட முகத்தப் பாத்து, ‘முதலாளி சாப்பிட்டாரா’ எண்டு என்னட்டயே கேக்கிறாங்க."

‘யோ’ என்றால் நான். ஆனால் அதைப் பெரும்பாலும் சொல்லத் தேவையில்லை, வினையிலேயே தெரிந்துவிடும் என்றேன். "நல்லம். வாறன் எண்டா போதும்தானே" என்றார். ‘நோசோத்ரோஸ்’ வந்தபோதுதான் தகராறு.

"இது நாமவா, நாங்களா?"

"இரண்டுக்கும் ஒரே சொல்தான் காக்கா."

"அதெப்பிடி? நான் ‘நாங்க சாப்பிடப் போறம்’ எண்டு சொன்னா, தன்னையும் சேத்தனா இல்லையா எண்டு இவருக்கு எப்பிடித் தெரியும்? விருந்தாளி எழும்புறதா இரிக்கிறதா?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அவரே ஒரு வழி செய்தார். மாலுமியையும் சேர்த்துச் சொல்லும்போது நோசோத்ரோஸ் என்று சொல்லி அவன் தோளை அமுக்குவார். சேர்க்காதபோது தன் நெஞ்சைத் தட்டுவார். அவனுக்கும் அது பிடித்துப்போய், அவரிடம் அப்படியே சொல்லப் பழகினான். பெயர்ச்சொற்களில் ஆண்பால் பெண்பால் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மேசை பெண் என்று கேட்டதும் எரிச்சலாகி, அன்றிலிருந்து எல்லாவற்றையும் பெண்ணாகவே வைத்துக்கொண்டார். செருப்பும் பெண், ஒட்டகமும் பெண்.

ஒருநாள் கொழும்பிலிருந்து கப்பல் முகவரின் செய்தி வந்தது. அந்தச் சரக்குக் கப்பல் சுற்றி முடித்துக் கொழும்புக்குத் திரும்பி வருகிறது, ஆள் நடக்கக்கூடியவனானால் இப்போதே அனுப்பி வையுங்கள் என்று. அன்றிரவு என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவர்களது வழக்கப்படி சஹன் என்ற பெரிய தட்டில் சோறு குவித்து, நான்கைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். காக்கா, அவர் மச்சான், அயல்வீட்டுக்காரர், மூட்டை தூக்குபவர், மாலுமி. எனக்கு மட்டும் பக்கத்தில் தனி வாழையிலை.

காக்கா தன் ஸ்பானியத்தில் செய்தியைச் சொன்னார். "பார்க்கோ. கொழும்பு." பார்க்கோ என்றால் கப்பல்.

மாலுமி கையை எடுத்துவிட்டான். சஹனில் ஒருவர் கை நின்றால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். எல்லாக் கைகளும் நின்றன. அவன் என்னைப் பார்த்து, நிதானமாக, மூன்று வசனம் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கியது.

"மாஸ்டர், என்ன சொல்றார்?"

எனக்குப் பார்க்கோ தெரிந்தது. கபித்தான் என்றால் கப்டன் என்று யாருக்கும் தெரியும். கடைசியில் காசா, வீடு. நடுவே ஒரு ‘நோ’ இருந்தது. அதுவும் என் காதில் விழுந்தது. ஆனால் ஐந்து பேர் சோற்றில் கை வைக்காமல் என் வாயைப் பார்த்திருந்தார்கள்.

"கப்பலுக்குப் போகவேண்டுமாம். கப்டனிடம் போனால் வீட்டுக்குப் போய்ச் சேரலாமாம். இவ்வளவு நாளும் பார்த்ததற்கு நன்றி சொல்கிறான்."

போகிறேன் என்ற விருந்தாளியை மறித்து இரண்டாந்தரம் கேட்பது அந்த வீட்டில் மரியாதையில்லை. காக்கா கேட்கவில்லை. "அல்லா காவல்" என்று சொல்லி, ஒரு துண்டு இறைச்சியை அவன் பக்கம் தள்ளிவைத்தார். அவன் அதை எடுக்கவில்லை. விடைபெறும் துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தின் பின்னாலுள்ள சொற்பட்டியலில் தேடினேன். இரண்டு சொற்கள் கிடைத்தவுடன் மிச்சம் தானாக விளங்கியது. கப்பலுக்குத் திரும்ப மாட்டேன். கப்டன் என்னை அடிக்கிறான். என்னை இந்த வீட்டில் இருக்க விடுங்கள்.

மறுநாள் பகல் முழுவதும் பாடசாலையில் கணக்குக் கற்பித்தேன். காத்தான்குடி நாலு மைல் தூரம். சைக்கிள் இருந்தது. போய்ச் சொன்னால் அந்த ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள் என்பதே என் மனத்தில் ஓடியது. பின்னேரம் ஸ்டேஷனுக்கு மட்டும் போனேன். காக்கா அவனுக்குப் புதுச் சாரமும் ஓலைப்பெட்டியில் சாப்பாடும் கொடுத்தார். மாலுமி என்னைப் பார்த்து, "சென்யோர்", ஐயா, என்றான். நான் பொதி நிறுக்கும் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாடம் அத்துடன் முடியும் என்று எண்ணினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் காக்கா பாய் விரித்து வைத்திருந்தார்.

"நோன்புக்கு முதல் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போற. கப்பல் வர இன்னும் நாள் இரிக்காம், மனிசன் அங்கதான் இரிப்பார். இந்த முற உங்கள இழுத்தடிக்காம நானே கதைக்கோணும்."

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் முகம் கூசுகிறது. வினைச்சொல் பக்கமே நான் போகவில்லை. ‘மாட்டேன்’ என்பதும் ‘அடிக்கிறான்’ என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, வாரக்கணக்கில் அவரைப் பிரதிப்பெயர்களிலேயே வைத்திருந்தேன். எனக்கு, உனக்கு, அவருக்கு, என்னை, உன்னை, எங்களை. அத்திவாரம் பலமாக இருக்கவேண்டும் என்று ஆசிரியர் குரலில் சொன்னேன். அவர் நம்பினார். கடையில் சாரம் மடித்துக்கொண்டே அவற்றைச் சொல்லிப் பழகினார். ஒருநாள் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "இந்த மனிசன் எனக்கு, உனக்கு எண்டு ஆரோட பங்கு பிரிக்கிறார்" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

நோன்பு நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை அவர் புத்தகத்தை மூடச் சொன்னார்.

"அவர் அண்டைக்குச் சொன்னத நானே பிரிச்சுப் பாக்கோணும் போல இரிக்கி."

"அது எப்படி நினைவிருக்கும் காக்கா?"

"சின்னதில குர்ஆன் ஓதிப் படிச்சவன் மாஸ்டர். பொருள் தெரியாட்டியும் சத்தம் நிக்கும்."

கண்ணை மூடிச் சொன்னார். "அல் பார்க்கோ நோ புவெல்வோ. எல் கபித்தான் மே பேகா. தேஹென்மே என் எஸ்தா காசா." ஒரு எழுத்துப் பிசகவில்லை. மாலுமி எங்கே மூச்சு வாங்கினானோ அங்கே இவரும் வாங்கினார்.

"இதில ‘மே’ ரெண்டு தரம் வருது. மே எண்டா ‘என்னை’, ‘எனக்கு’. நீங்கதானே சொல்லித் தந்த. கப்டன் இவர என்ன செய்யிறார்?"

நான் அவரை அடைத்து வைத்த பிரதிப்பெயர் அதிகாரமே அவருக்கு வழி காட்டியிருந்தது. இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. பாடம் கேட்கும் முகம். அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"அடிக்கிறான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"எப்ப தெரியும்?"

"அண்டு ராவே."

"ரெயில் பின்னேரம்தானே போச்சு." விரலால் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தார். "ஒரு முழுப்பகல் இருந்திருக்கு."

எழுந்து உள்ளே போய், மனைவியிடம் பயணத்தைச் சொல்லிவிட்டு வந்தார். "லீவு கேளுங்க. நாளைக்கு ரெயிலுக்கு வாங்க. நீங்களும் வாறீங்க."

ரெயிலில் அவர் என்னோடு பேசவில்லை. யாரோடும் பேசாமலிருந்த காக்காவை அன்றுதான் கண்டேன். எதிரே ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அந்தக் குழந்தை அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தது. அதற்கும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

கொழும்பில், கப்பல் முகவரின் கந்தோரில், கப்பல் வந்து போய்விட்டது என்றார்கள். காக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். ஆள் எங்கே என்று கேட்டோம். "அவன் ஏற மாட்டன் எண்டு நிலத்தில படுத்திட்டான். பொலிசில ரெண்டு நாள் வைச்சாங்கள். கப்பல் அவன விட்டுட்டுப் போயிட்டுது" என்று ஒரு கிளார்க் அலுப்போடு சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்றைக் காட்டினார்.

அது என் நல்ல காலம். என் நல்ல குணம் அதில் எதுவும் இல்லை.

விடுதி முற்றத்தில் ஒரு பலகையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கம்பு இல்லை. காக்காவைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான். காக்கா நின்ற இடத்திலிருந்தே, ரெயில் முழுதும் மனத்தில் கட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னார். "யோ. பெர்தோன்." நான். மன்னிப்பு. பழியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நோ, சென்யோர். யோ" என்றேன் நான். பிறகு, தெரிந்த சொற்களைக் கோத்து, விளங்காமல் விளங்கியதாகச் சொன்னேன், விளங்கிய பிறகும் சொல்லாமல் இருந்தேன் என்று அவனிடம் சொன்னேன். எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. அவனுக்கு விளங்கியது. என்னை நெடுநேரம் பார்த்தான். அவன் என் கையைப் பிடிக்கவில்லை. நானும் நீட்டவில்லை. பிறகு காக்கா பக்கம் திரும்பி வேகமாக எதையோ கேட்டான்.

காக்கா பழக்கத்தில் என்னைப் பார்த்தார்.

"வெளங்கல்ல காக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் இன்னொருவர் முன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாலுமியை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாந்தரமும் பிடிபடவில்லை. மூன்றாந்தரம் அவன் கையால் துணி மடித்துக் காட்டினான்.

"கடையை ஆர் பார்க்கிறார் என்று கேட்கிறான்."

காக்கா இரண்டு கையையும் விரித்தார். ஒருவரும் இல்லை. நோன்புக்கு முந்திய வாரம், வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும் வாரம், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாலுமி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். காக்காவும் அவனும் அழுதும் சிரித்தும் ஏதேதோ பேசினார்கள். அதில் எனக்குப் பாதிதான் விளங்கியது.

எங்களோடு வரும்படி காக்கா கேட்டார். அவனுக்கு ஊர்ப்பக்கம் போகும் வேறொரு கப்பலில், நல்லவன் என்று பேர் வாங்கிய கப்டனிடம், சமையல் வேலை கிடைத்திருந்தது. தாயைப் பார்க்கவேண்டும் என்றான். இந்தமுறை நான் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் கேட்டு உறுதிசெய்த பிறகே காக்காவுக்குச் சொன்னேன். காக்கா அதை அவனிடமே திருப்பிக் கேட்டும் பார்த்தார். அது நியாயம்தான். என்னை நம்ப அவருக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

திரும்பும் வழியில், வாழைச்சேனை தாண்டியபோது அவர் பேசினார்.

"அண்டைக்குச் சாப்பாட்டில இருந்த ஆக்களுக்கு ஆர் சொல்ற? நானா, நீங்களா?"

"நான் சொல்றன்."

அந்த வெள்ளிக்கிழமை அதே முன்னறையில் அவர்கள் எல்லோரும் இருக்க, நடந்ததைச் சொன்னேன். மச்சான் நிலத்தைப் பார்த்தார். "படிச்ச மனிசன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார் அயல்வீட்டுக்காரர். மூட்டை தூக்குபவருக்குக் காக்கா கைகளால் சொன்னார். என் பொய் அந்த விரல்களில் மிகச் சிறிதாக இருந்தது. காதைத் தொட்டார், கையை விரித்தார், வாயை அசைத்தார். அவ்வளவுதான். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் திரும்ப ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"இண்டைக்குச் சொல்றது உண்மையா எண்டு" என்றார் காக்கா.

"ஓம்" என்று தலையசைத்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, சரி என்று கை காட்டினார்.

காக்கா என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. நோன்பு மாதம் முழுதும் வரச்சொல்லி ஆளனுப்பவுமில்லை. பெருநாள் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, என் வீட்டு வாசலில் கரத்தை வந்து நின்றது. இறங்காமலே கூப்பிட்டார்.

"மாஸ்டர், வினைச்சொல் இன்னும் படிக்கல்ல. புத்தகத்த எடுங்க."

எனக்கு இடமாற்றம் வரும்வரை ஆறு வருடம் இருவரும் படித்தோம். தெரியாத இடம் வந்தால் தெரியாது என்பேன். அவர் தலையாட்டி, அந்த இடத்தில் அடையாளத்துக்குத் தென்னை ஈர்க்கு ஒன்றை வைப்பார். புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஈர்க்குகள் நிறைய. சிலவற்றை எடுத்துவிட்டேன். மற்றவற்றை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.